ஒரு லட்சம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடலாமா?

கேட்டவர் ஒரு அக்கா. தம்பிக்கு 34 வயது, வீடு சோமனூரில், வேலை பல்லடம் பக்கம் ஒரு தறிக்குடோனில். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து மொபெட்டில் திரும்பும்போது, காரணம்பேட்டைப் பக்கம் பின்னால் வந்த பனியன் கம்பெனி வேன் இடித்துவிட்டது. வலது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு, பிளேட் வைத்து ஆபரேஷன் ஆகிவிட்டது. வேன் ஓனர் தெரிந்த வட்டாரத்து ஆள். ஒரு லட்சம் தருகிறேன், கேஸ் வேண்டாம் என்கிறார். ஊர்ப் பெரியவர்களும் பேசி முடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். தம்பி ஹெல்மெட் போடவில்லை, லைசென்ஸும் காலாவதி. தறியில் இ.எஸ்.ஐ. கிடையாது. கேஸ் நிற்குமா, நின்றால் எவ்வளவு வரும், எத்தனை நாள் ஆகும் என்பது கேள்வி.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேனுங்க. முத்திரைத்தாளிலோ வெள்ளைத்தாளிலோ "இனி எந்த வழக்கும் தொடுக்க மாட்டோம்" என்று எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். ஓனர் நல்ல மனதோடு ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் தந்தால் வாங்கிக்கொள்ளலாம். "சிகிச்சைச் செலவுக்காகப் பெற்றது" என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். பின்னால் இழப்பீட்டில் அதைக் கழித்தால் கழிக்கட்டும்.

நம்ம ஊர்களில் இந்தப் பேச்சுவார்த்தை எப்போதும் ஒரு தவறான எண்ணத்தில்தான் தொடங்குகிறது. கேஸ் போட்டால் அந்த மனுசன் வீட்டை விற்றுப் பணம் கட்ட வேண்டியிருக்கும், தெரிந்தவரை அப்படிச் செய்யலாமா என்று நினைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன்படி ரோட்டில் ஓடும் வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். மூன்றாம் நபருக்கு, அதாவது உங்கள் தம்பி போல அந்த வண்டியால் அடிபட்ட வெளியாளுக்கு, ஏற்படும் உயிரிழப்புக்கும் உடல் காயத்துக்கும், விபத்து இழப்பீட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயம் சொல்லும் முழுத் தொகையையும் அந்த பாலிசி ஏற்கும், உச்சவரம்பு கிடையாது. டிரைவர் தவறு செய்தால் பொறுப்பு முதலாளிக்கும் உண்டு. முதலாளியின் பொறுப்பை இன்சூரன்ஸ் கம்பெனி சுமக்கிறது. பாலிசி உயிரோடு இருந்து, டிரைவருக்கு லைசென்ஸும் வண்டிக்கு பெர்மிட்டும் இருந்தால், இழப்பீடாக ஓனர் கையிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகாது. அவர் வருடாவருடம் பிரீமியம் கட்டுவதே இதற்குத்தான். டிரைவர் மேல் போலீஸ் கேஸ் வரும், வண்டி சில நாள் ஸ்டேஷனில் நிற்கும், அந்தத் தொல்லை உண்மைதான். அதற்காக உங்கள் தம்பியின் கால் ஒரு லட்சத்துக்குப் போக வேண்டியதில்லை.

ஒரு லட்சம் தருகிறேன் என்று ஓனரே முன்வருவதால் எனக்கு இன்னொரு சந்தேகமும் வருகிறது. பாலிசி காலாவதியாகி இருக்கலாம், அல்லது வண்டி ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லாமல் இருக்கலாம். லைசென்ஸ் இல்லாத டிரைவர் என்றால், இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் உங்களுக்குக் கட்டிவிட்டு அப்புறம் ஓனரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயம் உத்தரவிடுவது வழக்கம். 2004-இல் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிய வழி இது. பெர்மிட் இல்லாத வண்டிக்கும் 2018-இல் இதே போல உத்தரவு வந்திருக்கிறது. "பேட்ஜ் (வணிக வண்டி ஓட்டத் தனி அனுமதி) இல்லாமல் சரக்கு வேன் ஓட்டினான்" என்ற வாதத்தை இன்சூரன்ஸ் தரப்பு வெகுகாலம் சொல்லிவந்தது. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை சாதாரண இலகு ரக வாகன லைசென்ஸோடு ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னதோடு அந்தக் கதவு மூடிவிட்டது. பாலிசியே இல்லை என்றால்தான் சிரமம். அப்போது ஓனர் சொத்தின் மேல்தான் போக வேண்டும்.

ஓனர் யார் என்பதிலும் ஒரு சிக்கல் வரும். வண்டியை ஓபன் டி.ஓ. கையெழுத்தில் (வாங்குபவர் பெயரை நிரப்பாத பெயர்மாற்றப் படிவத்தில்) விற்றுவிட்டு, ஆர்.சி.யில் பெயர் மாற்றாமலே ஓட்டுவது திருப்பூர், கோவைப் பக்கம் சர்வசாதாரணம். "வித்துட்டேன், எனக்குச் சம்பந்தமில்லை" என்று பழைய ஆள் சொன்னால் எடுபடாது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்திருக்கிறது. பழைய வண்டியை விற்றுவிட்டுப் பேர் மாற்றாமல் விட்ட எல்லாரும் இதைப் படித்ததும் ஒரு தரம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய்விட்டு வரலாம்.

சரி, தம்பியின் தவறுகளுக்கு வருவோம். ஹெல்மெட் போடாதது அபராதத்துக்குரிய குற்றம். ஆனால் விபத்தில் அவர் பங்கு என்ன என்று பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஹெல்மெட் போட்டிருந்தால் கால் முறியாமல் இருந்திருக்குமா? மோட்டார் சைக்கிளில் மூன்று பேர் போன ஒரு வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் இதே கோணத்தில்தான் பார்த்தது. மூன்று பேர் போனது விதிமீறல்தான், ஆனால் அந்த மீறலுக்கும் விபத்துக்கும் அல்லது காயத்துக்கும் தொடர்பு இருப்பதாகக் காட்டாமல் இழப்பீட்டைக் குறைக்க முடியாது என்றது. லைசென்ஸ் இல்லாததும் அப்படியே. லைசென்ஸ் இல்லை என்பதாலேயே கவனக்குறைவாக ஓட்டினார் என்று ஆகிவிடாது என 2008-இலேயே தீர்ப்பு உண்டு. பின்னாலிருந்து இடித்த வண்டி, காலில் காயம் என்னும்போது உங்கள் நிலை பலமானது. தலையில் அடிபட்டிருந்தால் நான் இவ்வளவு தைரியமாகச் சொல்லமாட்டேன். அங்கே பத்து, இருபது சதவீதம் பிடிப்பதுண்டு. எதிர்த்தரப்பு தேடும் இன்னொன்று, ஆஸ்பத்திரிக் குறிப்பில் மது வாசனை என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்பது.

இந்த ஆஸ்பத்திரிக் குறிப்புதான் நான் அதிகம் பயப்படும் காகிதம். அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது, போலீஸ் கேஸ் ஆனால் சிகிச்சை தாமதமாகும் என்று பயந்து, கூட வந்தவர் "வண்டியிலிருந்து தானா விழுந்துட்டாருங்க" என்று சொல்லிவிடுவார். டியூட்டி டாக்டர் அதையே விபத்துப் பதிவேட்டில் எழுதிவிடுவார். ஏ.ஆர். காப்பி என்று கோர்ட்டில் சொல்வது இதைத்தான். இரண்டு வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் இன்சூரன்ஸ் வக்கீல் கையில் எடுக்கும் முதல் ஆயுதம் அந்த ஒரு வரி. தம்பியின் ஏ.ஆர். காப்பியில் வேனின் பதிவு எண் இல்லாவிட்டாலும் "வேன் மோதியது" என்றாவது இருக்கிறதா என்று உடனே பாருங்கள். தவறாக இருந்தால் போலீஸ் வாக்குமூலத்தில், எந்தச் சூழலில் யார் அப்படிச் சொன்னார் என்று பதிவாக வேண்டும்.

எஃப்.ஐ.ஆர். இன்னும் போடவில்லை என்றால் இந்த வாரமே போடுங்கள். தாமதம் ஆனாலே கேஸ் பொய் என்று ஆகிவிடாது. உயிருக்குப் போராடுபவரைக் கவனிப்பதா, ஸ்டேஷனுக்கு ஓடுவதா என்ற நியாயத்தை உச்ச நீதிமன்றம் 2011-இல் ஏற்றிருக்கிறது. ஆனால் நாள் போகப் போகக் கேள்வி கூடும். விபத்து நடந்த இடம் எந்த எல்லையோ அந்த ஸ்டேஷன்தான் பதிய வேண்டும். அப்புறம் வரும் ஆவணங்கள்: மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து சாட்சிகள் முன்னால் போலீஸ் எழுதும் குறிப்பு), சம்பவ இட வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, காயச் சான்று, குற்றப்பத்திரிகை. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி போலீஸே 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையையும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். விதி அப்படி. நீங்கள் அதை நம்பிக் காத்திருக்காமல் நகல்களைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

கிரிமினல் கேஸில் டிரைவர் விடுதலை ஆகிவிட்டால் என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்பார்கள். இழப்பீட்டு வழக்கு தனி. அங்கே சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை, எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும்.

இப்போது பணம். இழப்பீட்டில் மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்களின் வருமானம், கூட இருந்து பார்த்துக்கொண்டவர் செலவு, போக்குவரத்து, சத்தான உணவுச் செலவு, வலி வேதனை, வாழ்க்கை வசதிகளை இழந்தது என்று பல தலைப்புகள் உண்டு. ஆட்டுக்கால் சூப்புக்கும் கோர்ட்டில் ஒரு தலைப்பு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பிளேட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன் வேண்டுமென்றால் அதற்கான உத்தேசச் செலவை டாக்டரிடம் எழுதி வாங்கி, தீர்ப்புக்கு முன்னாலேயே தாக்கல் செய்ய வேண்டும். இவையெல்லாம் சேர்ந்தும் பெரிய தொகை ஆகாது. பெரிய தொகை எதிர்கால வருமான இழப்பில்தான் இருக்கிறது, கேஸ் தோற்பதும் ஜெயிப்பதும் அங்கேதான்.

மெடிக்கல் போர்டு உங்கள் தம்பிக்கு வலது காலில் 40 சதவீத நிரந்தர ஊனம் என்று சான்று தருவதாக வைத்துக்கொள்வோம். இதைக் கணக்கிட இரண்டு வழி. ஒன்று, ஊனத்தின் ஒவ்வொரு சதவீதத்துக்கும் இத்தனை ஆயிரம் என்று பெருக்குவது. சதவீதத்துக்கு ஐயாயிரம் என்றால் 2 லட்சம், அதோடு முடிந்தது. இன்சூரன்ஸ் தரப்பு விரும்புவது இதைத்தான். இன்னொன்று, இந்த ஊனத்தால் இவர் செய்த வேலையில் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று பார்த்து, வயதுக்கேற்ற பெருக்கு எண்ணால் கணக்கிடுவது. ராஜ்குமார் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியதன் சாரம் இது: உடலின் ஊனமும் பிழைப்பின் ஊனமும் ஒன்றல்ல. இடது கை போனால் ஒரு டிரைவருக்கோ தச்சருக்கோ பிழைப்பு முழுதாகப் போகலாம், அதே கை போன அரசு எழுத்தர் அதே சம்பளத்தில் தொடரலாம். காலுக்குத் தந்த 40 சதவீதம் முழு உடலுக்கான 40 சதவீதம் ஆகாது என்றும் அதே தீர்ப்பு எச்சரிக்கிறது. எனவே இந்தத் தீர்ப்பு இரண்டு பக்கமும் வெட்டும்.

தறி ஓட்டுபவரின் வேலை என்ன என்பதைத் தீர்ப்பாயத்துக்குப் புரியவைப்பது உங்கள் வக்கீலின் பொறுப்பு. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்டில் உட்காராமல் நான்கைந்து தறிக்கு நடுவே நடந்துகொண்டே இருக்க வேண்டும், தார் (ஊடை நூல் சுற்றிய குச்சி) தீர்ந்தால் மாற்ற வேண்டும், இழை அறுந்தால் குனிந்து முடிய வேண்டும். கெண்டைக்காலில் பிளேட்டோடு இதைச் செய்ய முடியுமா என்று மருத்துவரிடம் சாட்சிக் கூண்டில் கேட்கப்பட வேண்டும். சான்றிதழை மட்டும் நீட்டிவிட்டு உட்கார்ந்தால் சதவீதக் கணக்குக்குத்தான் போவார்கள்.

திறன் இழப்பு 30 சதவீதம் என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டால், வாரக் கூலி 4,500, மாதம் 18,000 என்று நிரூபித்திருந்தால், கணக்கு இப்படிப் போகும். பிரணய் சேத்தி வழக்கில் 2017-இல் ஐந்து நீதிபதிகள் சொன்னபடி, நிரந்தர வேலை இல்லாத 40 வயதுக்குக் கீழானவருக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் கூட்ட வேண்டும். இது காய வழக்குகளுக்கும் பொருந்தும். 25,200 ஆகிறது. வருடத்துக்கு 3,02,400. சரளா வர்மா வழக்கில் 2009-இல் வகுத்த அட்டவணைப்படி 31 முதல் 35 வயதுக்குப் பெருக்கு எண் 16. மொத்தம் 48,38,400. அதில் 30 சதவீதம் 14,51,520 ரூபாய். இறப்பு வழக்கில் சொந்தச் செலவுக்கென்று மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ கழிப்பார்கள். ஆள் உயிரோடு இருக்கும் வழக்கில் அந்தக் கழிவு கிடையாது.

இதே கேஸில் வருமானத்துக்கு ஆதாரம் இல்லை, தீர்ப்பாயமே உத்தேசமாக மாதம் பத்தாயிரம் என்று எடுத்துக்கொண்டது என்றால் அந்த 14.5 லட்சம் 8,06,400 ஆகிவிடும். ஆறு லட்சத்துக்கு மேல் போவது ஒரு கூலி நோட்டு இல்லாததால். பவர்லூம் வேலையில் சம்பள ரசீது யாரும் தருவதில்லை, பாதிப் பேருக்கு முன்பணப் பாக்கி வேறு கணக்கில் ஓடும். முதலாளி சாட்சி சொல்ல வரத் தயங்குவார், தன் கணக்கு வெளியே வருமே என்று. அவரிடம் கேட்டுப் பாருங்கள், வாரக் கூலி எழுதிய நோட்டு, செல்போன் பணப் பரிமாற்றம், பேங்க் பாஸ்புக், வண்டித் தவணை கட்டிய ரசீது எது இருந்தாலும் சேர்த்துவையுங்கள். காகிதமே இல்லாவிட்டாலும் கை விரிக்க வேண்டியதில்லை. காலை இழந்த ஒரு காய்கறி வியாபாரி வழக்கில், அப்படிப்பட்டவரிடம் வருமானச் சான்று எதிர்பார்க்க முடியாது என்று சொல்லி, 2008-இல் நடந்த விபத்துக்கே மாதம் 6,500 ரூபாயை உச்ச நீதிமன்றம் ஏற்றது. அன்றைய 6,500 இன்று என்ன ஆகும் என்று உங்கள் வக்கீல் வாதாட வேண்டும்.

வழக்கை எங்கே போடுவது? விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கும் இடம், எதிர்த்தரப்பு இருக்கும் இடம் மூன்றில் எங்கு வேண்டுமானாலும். காரணம்பேட்டை திருப்பூர் மாவட்டம், சோமனூர் கோவை மாவட்டம். நடக்க முடியாத ஆளை எந்தக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போவது சுலபமோ அதைத் தேர்ந்துகொள்ளுங்கள். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரலிலிருந்து அமலில் இருக்கிறது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன, ஆனாலும் உங்கள் கேஸை அந்தச் சண்டைக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்த வேண்டாம். தவறு யாருடையது என்றே பார்க்காமல் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் தரும் ஒரு பிரிவும் சட்டத்தில் உண்டு. அதை வாங்கினால் பெரிய வழக்கு போய்விடும், உங்களுக்கு அது வேண்டியதில்லை.

எத்தனை நாள் என்றால், இரண்டு மூன்று வருடத்துக்குத் தயாராக இருங்கள். மனு போட்ட நாளிலிருந்து வட்டி உண்டு, தமிழ்நாட்டில் பெரும்பாலும் 7.5 சதவீதம். நடுவில் லோக் அதாலத்தில் (சமரசம் பேசும் மக்கள் நீதிமன்றம்) இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு தொகை சொல்லும். அங்கே ஒத்துக்கொண்டால் அப்பீல் கிடையாது, பணம் சீக்கிரம் வரும். மேலே போட்ட கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் முக்கால் பங்குக்குக் குறையாமல் வந்தால் நான் யோசிப்பேன். ஊனச் சான்று வருவதற்கு முன்னால் பேசும் எந்தத் தொகையும் குருட்டுக் கணக்கு.

வக்கீலைத் தேடும்போது, ஆஸ்பத்திரி வார்டுக்கே வந்து வக்காலத்தில் கையெழுத்துக் கேட்கும் புரோக்கரை வெளியே அனுப்பிவிடுங்கள். வருகிற தொகையில் இத்தனை பங்கு என்று ஃபீஸ் பேசுவது பார் கவுன்சில் விதிப்படியே கூடாத காரியம், நடப்பது வேறு என்றாலும். வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம், கோர்ட் வளாகத்திலேயே ஆபீஸ் இருக்கும்.

பின்னூட்டமாகப் பலரும் கேட்கக்கூடிய இரண்டைத் தொட்டுவிடுகிறேன். இடித்தது அரசு பஸ் என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி இருக்காது, போக்குவரத்துக் கழகமே நேரடியாகக் கட்ட வேண்டும். கட்டாமல் இழுத்து, கோர்ட் அமீனா வந்து பஸ்ஸை ஜப்தி செய்த செய்திகளை நீங்களே படித்திருப்பீர்கள். இன்னொன்று, கொடுமுடிக்குத் தீர்த்தம் எடுக்கவும் பண்ணாரி குண்டத்துக்கும் சரக்கு டெம்போவில் ஏறிப் போகும் வழக்கம். சரக்கு வண்டியில் சும்மா ஏறிய பயணிக்கு இன்சூரன்ஸ் பொறுப்பில்லை என்று 2003-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரக்கின் சொந்தக்காரராகக் கூடப் போனால் மட்டும் தப்பிக்கலாம். வண்டி கவிழ்ந்தால் இருபது குடும்பம் ஒரு டெம்போ ஓனரின் சொத்தை நம்பி நிற்கும்.

வேன் ஓனர் மறுபடி வந்தால் சண்டை வேண்டாம், உட்கார வைத்து டீ கொடுங்கள். பாலிசி, ஆர்.சி., பெர்மிட், டிரைவர் லைசென்ஸ் நான்கின் ஜெராக்ஸ் கேளுங்கள். எல்லாம் சரியாக இருந்தால், இழப்பீட்டை அவருடைய இன்சூரன்ஸ்தான் கட்டும் என்று நீங்களே அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள், பாதிப் பயம் போய்விடும். தர மறுத்தால் வண்டி எண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள், எந்தக் கம்பெனி பாலிசி, எந்தத் தேதிவரை என்று தெரிந்துவிடும். விபத்து நடந்த தேதி அதற்குள் வருகிறதா என்று பார்த்துவிட்டு வக்கீலிடம் போங்கள்.